வஸ்திர சம்ஸ்காரம்

மயிலாப்பூரில் மாடவீதிகளை ஒட்டிய ஜவுளிக்கடைகளில், உபநயனத்திற்கென்றோ சிராத்தத்திற்கென்றோ ஒன்பது-ஐந்து வேஷ்டி கேட்டு வருகிறவர்கள், கடைக்காரர் அதை மடிப்புக் கலையாமல் எடுத்து வைத்ததும், நூலின் நம்பரையும் நெசவின் நெருக்கத்தையும் விசாரிப்பதற்கு முன்பாகவே, ஓரத்தை விரலால் சுண்டிப் பார்த்து, அது சடசடவென்று ஒலிக்கிறதா என்பதைக் கொண்டு அதன் யோக்கியதையை நிர்ணயித்துவிடுகிறார்கள். அந்தச் சடசடப்பு பருத்தியின் குணமன்று, கஞ்சியின் குணம். வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் அதை நனைத்த மாத்திரத்தில் தண்ணீர் வெள்ளையாய்க் கலங்கிப்போக, வேஷ்டியோ மறுபுறத்து வெளிச்சம் தெரியும்படி இளைத்து வெளியே வருகிறது.

கஞ்சியை அடியோடு வஞ்சனை என்று தள்ளிவிடவும் முடியாது. பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றாவிட்டால் தறியில் உராய்ந்து இழை அறுந்துபோகும். ஆதலால் பருத்தித் துணி பெரும்பாலும் கஞ்சியோடுதான் பிறக்கிறது. சந்தைக்காகப் பின்னால் ஏற்றுவது வேறு: பத்தொன்பதாம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைகள் நம் தேசத்துக்கு அனுப்பிய துணிகளில் கஞ்சியோடு சீனக் களிமண்ணையும் சேர்த்து எடையைக் கூட்டின. எனக்கு விசித்திரமாகப் படுவது வேறொன்று. ஆசாரமுள்ள வீடுகளில் சோறு பத்து, தொட்டால் கை அலம்பவேண்டிய பண்டம். சோற்றுக்கஞ்சி போட்ட வேஷ்டி மடிக்கு, அதாவது ஆசாரத் தூய்மைக்கு, உதவாது என்று அதைத் தனியே ஒதுக்கும் அதே கைகள், தறிக்கஞ்சி மாறாத கோடி வேஷ்டியின் மூலையில் மஞ்சளைத் தடவி, மனையில் உட்கார்ந்திருப்பவருக்கு எடுத்துக் கொடுக்கத் தயங்குவதில்லை. கர்மாக்களுக்கு தர்மசாஸ்திரம் விதிக்கும் 'அஹத' வஸ்திரத்தின் லக்ஷணத்தைப் பார்த்தால், புதியது, வெண்மையானது, ஓரத்தில் தொங்கல் நூலுள்ளது, யாரும் உடுத்தாதது என்பவற்றோடு, லேசாக ஒருமுறை அலசியது என்ற நிபந்தனையும் சேர்ந்தே இருக்கிறது. மற்றவற்றையெல்லாம் கவனமாகப் பார்க்கும் நாம் கடைசியாகச் சொன்னதை மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டோம்.

சுத்தி என்பது வஸ்துவில் ஏதோ ஒன்றைச் சேர்ப்பதால் வருவதா, அதிலிருந்து ஒன்றை நீக்குவதால் வருவதா என்ற கேள்வியை, துணியை முன்னிட்டு அல்லாமல் ஆத்மாவை முன்னிட்டு, ஆதிசங்கரர் பிரம்மசூத்திரத்தின் நான்காவது சூத்திர பாஷ்யத்தில் விசாரித்திருக்கிறார். சம்ஸ்காரம் இரண்டே விதம், குணத்தைச் சேர்க்கும் குணாதானம் என்று ஒன்று, தோஷத்தை நீக்கும் தோஷாபநயனம் என்று மற்றொன்று. இருப்பதற்கு மேல் சிறப்பேற்ற இடமில்லாத பிரம்மத்தில் முன்னது கூடாது, நித்திய சுத்தமான அதில் பின்னது வேண்டாம். ஆகையால் மோக்ஷம் சம்ஸ்காரத்தால் விளைவதன்று என்பது அவர் முடிபு. அப்படியானால் ஸ்நானமும் ஆசமனமும் யாரைச் சுத்தப்படுத்துகின்றன என்று கேட்பவனுக்கு, உடம்பையே 'நான்' என்று பிடித்துக்கொண்டிருக்கும் அந்த அபிமானியைத்தான் என்று அவர் பதில் சொல்கிறார். இப்படியிருக்க, 1906-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மயிலையில் நிறுவிய சம்ஸ்கிருதக் கல்லூரிக்குக் கூப்பிடு தூரத்தில்தான், மடி வேஷ்டி தங்கள் மேல் பட்டுவிடாமல் ஒதுங்கி நடக்கும்படி நாம் மற்றவர்களை விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

சங்கரரின் பகுப்பு துணிக்குப் பொருந்துவதுபோல் வேறெதற்கும் பொருந்துமா என்பது எனக்குச் சந்தேகமே. கஞ்சியும் நீலமும் குணாதானம். அதிலும் நீலம், பழுப்பைப் போக்காமல் அதன்மேல் இன்னொரு நிறத்தை ஏற்றி வெண்மை என்று கண்ணை நம்பவைப்பதால், ஒன்றின்மேல் இன்னொன்றை ஏற்றிக் காணும் அத்யாசத்துக்கே உதாரணமாகக் காட்டத் தக்கது. இக்காலத்துச் சலவைத்தூள்களில் கலக்கும் வெண்மையூட்டிகள், கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியிட்டு, அதே வேலையை இன்னும் சாமர்த்தியமாகச் செய்கின்றன. பட்டிலோ நடப்பது தோஷாபநயனம்: கச்சாப்பட்டில் ஏறக்குறைய கால்பங்காக இருக்கும் செரிசின் என்னும் பசையை சோப்பும் சோடாவும் கலந்த நீரில் வேகவைத்து நீக்கிய பின்னரே அதன் இயல்பான பளபளப்பு வெளிப்படுகிறது. பட்டு நனைக்காமலே மடி என்ற சலுகையைப் பெற்றிருக்கிறது. ஆயினும் புழுக்களைக் கொன்று எடுப்பதென்பதால் அதை விட்டுவிடும்படி காஞ்சி மகாசுவாமிகள் சந்திரசேகரேந்திர சரஸ்வதி உபதேசித்தார். உபதேசத்தைப் பக்தியோடு கேட்டவர்கள் அநேகர். முகூர்த்த நாள் நெருங்கினால் பனகல் பார்க் பக்கத்துப் பட்டுக்கடைகளுக்குப் போகிற கூட்டம் என்னவோ குறையவில்லை.

சேர்ப்பதா நீக்குவதா என்ற அந்தக் கேள்விக்கு, மயிலைச் சிவன் கோயிலான கபாலீச்சரத்து வாசலில் நிற்கிறவர்களுக்குச் சங்கரர் சொன்னதைக் காட்டிலும் அணுக்கமான ஒரு விடை இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், உடலும் கரணங்களும் தாமே மலமாக இருக்க, மலத்தைக் கொண்டு மலத்தைக் கழுவுவது எப்படி என்று ஐயம் எழுப்பி, துணி வெளுப்பவனைச் சாட்சியாக அழைக்கிறது. அவன் அழுக்குத் துணியில் சாணியையும் உவரையும் ஏற்றுகிறான். அவை துணியில் முன்னிருந்த அழுக்கையும் பற்றிக்கொண்டு ஒருங்கே போகின்றன. அவ்வாறே இறைவன் உடலும் கரணங்களுமாக வந்த மாயையைக் கொண்டு ஆணவ மலத்தை ஒழிக்கிறான். இது வெறும் கற்பனையன்று. உவர்மண்ணிலுள்ள சோடாக் காரம் பருத்தியின் எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி நீரில் கரையச் செய்வது ரசாயன உண்மை. 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் கூவத்தின் வளைவில் அமைத்த சிந்தாதிரிப்பேட்டையில் நெசவாளரோடு வெளுப்பவரையும் குடியேற்றினார்கள்; அந்த வேலைக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். காரத்தை ஏற்றுவது பாதி வேலை. அது ஒரு துளியும் தங்காமல் அலசுவது மற்றப் பாதி.

இந்த இரண்டாம் பாதியைத்தான் நம் ஆசாரம் கைவிட்டுவிட்டதாக நான் கருதுகிறேன். மடியும் அதற்கு மாறான விழுப்பும் அகங்காரத்தைக் கரைப்பதற்கு ஏற்றிய உவர். வேலை முடிந்தபின் அழுக்கோடு அவையும் போகவேண்டியவை. போகாமல் நின்றுவிட்டால், 'நான் மடி' என்கிற புதியதோர் ஆணவத்துக்கு அவையே கஞ்சியாகி, ஆளை விறைப்பாக்கிவிடுகின்றன.

இதற்கு ஒரு ஆக்ஷேபம் உண்டு. ஜான் மெர்சர் என்ற லங்காஷயர் ரசாயனி 1844-இல் ஆராயத் தொடங்கி 1850-இல் உரிமை பெற்ற முறையில், பருத்தியை வலிய காஸ்டிக் சோடாவில் தோய்த்தால் இழை பருத்து உருண்டு, சாயத்தை அதிகமாகப் பிடிக்கிறது. 1890-இல் ஹொரேஸ் லோ, துணியைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே அதைச் செய்தால் பளபளப்பும் உண்டாவதைக் கண்டார். காரத்தை அலசிவிட்ட பிறகும் அந்தப் பளபளப்பு நீங்குவதில்லை. சேர்த்தது ஒன்றும் மிஞ்சவில்லை, வஸ்துவோ மாறிவிட்டது; ஆகவே சாதனை ஆத்மாவையே மாற்றுமல்லவா என்று கேட்கலாம். சங்கரர் இதற்கும் இடம் வைத்திருக்கிறார்: பால் தயிராவதைப்போன்ற இது விகாரம், விகாரப்படுவது எதுவோ அது அநித்தியம். இழுத்துக் கட்டிக் காரத்தில் தோய்க்கத் தக்கது மனசுதான். அந்த அளவில் மெர்சரும் லோவும் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

சாஸ்திரம் எட்டாவிட்டாலும், இதையாவது செய்யுங்கள்: அடுத்த விசேஷத்துக்கு வாங்கும் வேஷ்டியை முதல்நாளே வெறும் தண்ணீரில் நனைத்து அலசி, உலர்த்திக் கட்டுங்கள். விதியும் நிறைவேறும், பஞ்சகச்சமும் ஹோமத்தின் நடுவே நழுவாது.