பராமரிக்கிறவருக்கு எதுவரை உரிமை?

வேலை பார்க்கிறவருக்குத்தான் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டா? கறம்பக்குடியில் கணினி படிக்கிற நம் பிள்ளைகளோடு லினக்ஸ் சண்டையைப் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன்.

லினக்ஸ் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தது. யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தப் பகுதியின் பராமரிப்பாளர் கையில். பழைய நிரல் சி மொழியில் இருக்கிறது. நினைவகத்தைக் கையாள்வதில் சி விட்டுவிடுகிற பல பிழைகளை ரஸ்ட் மொழி, நிரல் ஓடும் முன்பே பிடித்துவிடும். 2022 டிசம்பரில் 6.1 பதிப்போடு ரஸ்ட் உள்ளே வந்தது. சண்டையும் வந்தது. ரஸ்ட் வேலையை முன்னெடுத்தவர்களில் ஒருவரான வெட்சன் அல்மெய்டா ஃபிலோ, தொழில்நுட்பத்துக்கு வெளியேயான சச்சரவுகளில் சலித்து 2024இல் விலகினார். 2025 தொடக்கத்தில் டி.எம்.ஏ. பகுதியின் பராமரிப்பாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக், அந்தப் பகுதியைப் பயன்படுத்தும் ரஸ்ட் நிரலை மறுத்தார். அது தனி இடத்தில் இருந்தது. அவர் நிரலைத் தொடவில்லை. இரண்டு மொழி கலப்பதையே அவர் புற்றுநோய் என்றார்.

கலப்பு என்றால் நோய். இந்தப் பேச்சு நம் காதில் வேறு மாதிரி விழும். ஆனாலும் அவரை ஆதிக்கசாதிக்காரர்போல ஆக்கிவிட்டு முடித்துக்கொள்ள எனக்கு மனசில்லை. எழுதினவர் போய்விட்டால் பிறகு யார் சுமப்பது என்ற அவர் பயம் பொய்யில்லை. எங்க பக்கத்துக் கண்மாய்களில் மடை திறந்ததும் வாய்க்கால் வெட்டியதும் நம்ம கைகள்தான். யாருக்கு எவ்வளவு தண்ணி என்று பேசுகிற இடத்தில் அந்தக் கைகளுக்குச் சொல் இல்லை. உழைக்கிறவரைக் கேட்காத முடிவின் வலி நமக்குத் தெரியும்.

ஆனால் உழைப்பு தருகிற உரிமைக்கும் எல்லை உண்டு. ‘என் தோளில் ஏற்றாதே’ என்று சொல்லலாம். அடுத்தவர் தன் தோளில் சுமப்பதைத் தடுக்க முடியாது. 2025 பிப்ரவரியில் டோர்வால்ட்ஸ் சொன்னதும் இதுதான்: ரஸ்ட் பக்கம் வரச்சொல்லி உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை; உங்கள் நிரலை யார் பயன்படுத்துவது என்று நீங்கள் தீர்மானிக்கவும் முடியாது. அதே மாதம் ஹெல்விக் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். டிசம்பரில் ரஸ்ட் சோதனை நிலையைத் தாண்டியது.

மகாடு நகராட்சி 1924இல் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்து தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் மக்களோடு போய் அள்ளிக் குடிக்கும்வரை அது காகிதத்தில்தான் திறந்திருந்தது. தாகமும் நிரலும் ஒன்றல்ல. ஆனால் ‘திறந்தது’ என்று எழுதிவைத்தால் மட்டும் வாசல் திறக்காது என்பது இரண்டுக்கும் பொது. வாசலில் நிற்பவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவரா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. லினக்ஸில் வழக்கைத் தீர்த்தது உச்சியில் இருந்த ஒருவரின் சொல். அவர் மாற்றிச் சொல்லியிருந்தால்? நல்ல பெரியவரை நம்பி இருப்பது உரிமை ஆகாது. நம் பிள்ளைகள் சி படிக்கட்டும், ரஸ்ட் படிக்கட்டும். மறுக்கிறவரிடம் ‘ஏன்?’ என்று கேட்கவும், தாங்கள் மறுக்கும் நாளில் காரணம் சொல்லவும் சேர்த்தே படிக்கணும்.