கொளஞ்சியப்பருக்குப் பிராது, கலெக்டருக்கு மனு



விருத்தாசலம் பக்கத்துல இருக்கற மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரை நம்ம கடலூர் மாவட்டத்துல தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. அங்க முருகன்கிட்ட மனசுக்குள்ள மட்டும் வேண்டிக்கறதில்ல. பேர், ஊர், குறை எல்லாத்தையும் எழுதிப் பிராது கட்டுறோம். குறை தீர்ந்ததும் திரும்பப் போய் ராஜினாமா கொடுக்கறோம். "எல்லாம் விதி"ன்னு உட்கார்ந்துடற பக்தி இல்ல இது. நியாயத்தை எழுத்துல கேக்கற பக்தி.

அதனால ஒரு கேள்வி. மின்சாரத்தை வீணாக்கக் கூடாதுன்னு சட்டம் போடுங்க, இருக்கற சட்டத்தை ஒழுங்கா நடத்துங்கன்னு அரசாங்கத்துகிட்ட கேக்கறது முருக பக்தனோட வேலையா? நம்ம வீட்டு லைட்டை அணைச்சா போதாதா?

மேல்பட்டாம்பாக்கத்துல இருந்து பண்ருட்டி போய், அங்கிருந்து தெற்கே திரும்பினா முதல்ல நெய்வேலி, அடுத்தது வடலூர். சென்னை கந்தகோட்டத்து முருகனைப் பாடின வள்ளலார் அமைச்ச சபை வடலூர்ல இருக்கு. முருகனுக்கு உகந்த அதே தைப்பூசத்துலதான் அங்க 7 திரை விலக்கி ஜோதி காட்டுறாங்க. அவ்வளவு கூட்டத்துக்கும் ஒரே ஒரு ஜோதி போதுமா இருக்கு.

நெய்வேலியில 1956-ல ஆரம்பிச்ச நிறுவனம் பழுப்பு நிலக்கரியைத் தோண்டி எடுத்து மின்சாரம் தயாரிக்குது. அந்தச் சுரங்க வேலைக்காக 2023 ஜூலை 26 அன்னைக்கு வளையமாதேவியில, நெற்பயிர் நின்ன வயல்லயே இயந்திரங்களை இறக்கிக் கால்வாய் வெட்டினாங்க. நிலத்தை முன்னாடியே கையகப்படுத்தியாச்சுன்னு நிறுவனம் சொன்னது. சட்டப்படி அது சரியா தப்பான்னு நீதிமன்றம் பார்க்கட்டும். ஆனா பயிர் வாடுறதுக்கே கலங்கின மகான் வாழ்ந்த மாவட்டம் இது. நம்ம ஸ்விட்சுக்கும் அந்த வயலுக்கும் நடுவுல ஒரு கம்பி ஓடுது. அதைத் தெரியாத மாதிரி இருக்க முடியாது.

"சரி, ஆளாளுக்கு விரதம் மாதிரி சிக்கனமா இருப்போம், சட்டம் எதுக்கு?"ன்னு சில அன்பர்கள் கேப்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா விரதம் என் உடம்பு வரைக்கும்தான் போகும். கடையில விக்கற ஃபேன் எவ்வளவு கரண்ட் குடிக்கணும்னு என் விரதம் முடிவு பண்ணாது.

சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். பெரும்பாலான ஆளுங்க டீஃபால்ட் செட்டிங்கை மாத்தவே மாட்டாங்க. 2001-ல வந்த எரிசக்தி சேமிப்புச் சட்டம் கை வெச்சது அந்த இடத்துலதான். அந்தச் சட்டத்தால 2020 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் ஏசியோட டீஃபால்ட் 24 டிகிரி ஆச்சு. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயம். பழைய ஃபேன் 75 வாட், புது பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினா ஒரு ஃபேன்லயே மாசம் 16 யூனிட் மிச்சம். இதைக் கோடிக்கணக்கான வீட்டோட பெருக்கிப் பாருங்க. தனி மனுஷனோட விரதம் எட்டாத இடத்துக்குச் சட்டம் எட்டும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பக்தியைச் சட்டத்துக்குள்ள கொண்டு வரலாமா? "முருகன் சொல்றார், அதனால சட்டம் போடு"ன்னு கேட்டா அது தப்புதான். பக்கத்து வீட்டு பாய்க்கும், சர்ச்சுக்குப் போற அக்காவுக்கும், சாமியே கும்பிடாத தோழருக்கும் ஏத்துக்கற மாதிரி காரணம் சொல்லணும். அந்தக் காரணம் எல்லாருக்கும் பொதுவா இருக்கணும். அலைஞ்சு திரிஞ்சு கேக்கற தெம்பை மட்டும் நாம முருகன்கிட்ட வாங்கிக்கலாம். அமெரிக்காவுல சாலி பிங்காம்ங்கிற பாதிரியார் அம்மா தொடங்கின பல மத அமைப்பு, 2006-ல கலிஃபோர்னியா மாநிலம் வெப்பமயமாதலுக்கு எதிரா சட்டம் கொண்டு வந்தப்போ இப்படித்தான் ஆதரவு திரட்டுச்சு.

கேக்கறதுக்கு முன்னாடி நம்ம கை சுத்தமா இருக்கணும். திருவிழா சீரியல் லைட்டுக்குக் கம்பத்துல கொக்கி போட்டு கரண்ட் எடுத்தா, 2003 மின்சாரச் சட்டத்தோட 135-வது பிரிவுப்படி அது திருட்டு. திருடின வெளிச்சத்துல வேலவனுக்கு என்ன அலங்காரம்? தற்காலிக இணைப்பு வாங்குவோம், இல்லன்னா அகல் விளக்கே போதும்.

அதே மாதிரி, குடிசையில ஒத்த பல்பு எரியற பாட்டிகிட்ட போய் சிக்கனம் பேச வேண்டாம். பெரிய ஆலைகளும் பெரிய கட்டடங்களும்தான் முதல்ல கணக்கு காட்டணும். 2022 சட்டத்திருத்தம் பெரிய குடியிருப்புக் கட்டடங்களையும் விதிக்குள்ள கொண்டு வந்திருக்கு. அது ஏட்டோட நிக்காம பார்த்துக்கறது நம்ம பொறுப்பும்தான்.

வழி இருக்கு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள் நடக்குது. பகல்லயும் எரியற தெருவிளக்கைப் பத்தி பேரூராட்சியில மனு கொடுக்கலாம். மின்கட்டணத்தை மாத்தும்போது ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாகணும், அங்கயும் எழுதலாம்.

கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதறப்போ குறையைத் தெளிவா, உண்மையா எழுதறோம். தீர்ற வரைக்கும் அதை மறக்கறதில்ல. அரசாங்கத்துக்கு எழுதற மனுவையும் அதே பயபக்தியோட எழுதுவோம். அதுவும் வழிபாடுதான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!