நிவாரணப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது அறமே

சாரல் அடித்தால்தான் குற்றாலத்தை அடுத்த மேலகரம் பேரூராட்சியில் பல வீடுகளில் கவலையில்லாமல் உலை கொதிக்கும். குற்றாலத்து லாட்ஜில் அறை துடைப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், ரம்புட்டான் கூடையோடு உட்காருகிற அம்மா, மெயின் அருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் என எல்லாரும் சில மாத சீசனில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மீதி வருஷத்தை ஓட்டுகிறார்கள். 2020லும் 2021லும் கொரோனாவால் அந்த சீசன் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. அருவியில் குளிக்கத் தடை இருந்தது. லாட்ஜுகள் பூட்டிக் கிடந்தன.

அந்த ஆண்டுகளில் இவர்களைப் போன்றவர்களின் துயரத்தைச் சொல்லித் திரட்டிய பணம் யாரைக் கேட்டு, எப்படிச் செலவானது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஒருவருடைய துயரத்தைக் காட்டி வாங்கிய காசு அவருடைய காசு. செலவு செய்தவர், கேட்கும் முன்பே கணக்கை எடுத்து வைக்கக் கடமைப்பட்டவர். இதில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை.

நடந்ததைப் பாருங்கள். 2020 ஏப்ரல் 6 அன்று, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதியை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்த மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்ற கணக்கில் சுமார் 7,900 கோடி ரூபாய் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும் என்று அறிவிக்கப்பட்டது. தென்காசித் தொகுதியின் பங்கும் அதோடு சேர்ந்தே போயிற்று. அதே மாதம் தமிழக அரசும் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியிலிருந்து 1 கோடி ரூபாயை எடுத்துக்கொண்டது. எங்கள் தொகுதிப் பணத்தை எங்கள் ஆஸ்பத்திரிக்குச் செலவிட விடுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன.

மத்திய அமைச்சரவையின் அந்த முடிவுக்குச் சில நாள் முன்புதான் பி.எம். கேர்ஸ் நிதி தொடங்கியிருந்தது. நிறுவனங்கள் அதற்குக் கொடுத்தால் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் வரும். முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் வராது. தேசச் சின்னமும் பிரதமர் பெயரும் தாங்கிய அந்த நிதியைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்வதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அது பொது அதிகார அமைப்பே அல்ல என்று 2023இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. மனம் ஆறவில்லை.

நம் முன்னோர் இதை எப்படிப் பார்த்தார்கள்? அரசின் தொழிலைச் சொல்லும்போது பொருள் வரும் வழியை உண்டாக்குவதில் தொடங்கிய வள்ளுவர், அதைப் பிரித்துக் கொடுப்பதில்தான் முடித்தார். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன யானைக் கதை பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்: அளந்து ஊட்டினால் சிறு வயலின் நெல்லே பல நாளைக்குப் போதும், யானையே வயலில் இறங்கினால் தின்றதைவிட மிதித்தது அதிகம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இன்னும் கண்டிப்பானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடவோலைக்கு எழுதவே கூடாது என்றது. அவ்வளவு தூரம் போவானேன்? தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் அதைக் காப்பவர்களின் அடி பணிவதாகக் கல்லில் வெட்டி வைத்தான். பொதுச் சொத்தைக் கையில் வைத்திருந்த மன்னனுக்கே அத்தனை பணிவு இருந்தது.

நோய் பரவும் வேகத்தில் ஒவ்வோர் ஊரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, பணம் ஓரிடத்தில் குவிந்தால்தான் வென்டிலேட்டரும் தடுப்பூசியும் வாங்க முடியும் என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் அவசரம் வாங்கும் நாளோடு முடிந்துபோகிறது. கணக்கை மறைக்க அது காரணம் ஆகாது.

2021 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின், கொரோனாவுக்காக வரும் நன்கொடை அதற்கு மட்டுமே செலவாகும், விவரம் வெளியிடப்படும் என்று அறிவித்தார். அறிவிப்பு சரியானது. டெல்லியைக் கேட்கிற கேள்வியைச் சென்னையையும் கேட்க வேண்டும். கட்சி பார்த்துக் கேட்பது அறமாகாது.

இந்த வழக்கில் மேலகரத்துக்குத் தனிக் குறை ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். பிளீச்சிங் பவுடர் எத்தனை மூட்டை வந்தது, எந்தத் தெருவுக்கு மருந்து அடித்தார்கள் என்று கூட்டத்தில் எழுந்து கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாத காலத்தில்தான் கொரோனா வந்து போனது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர், தன் செலவைத் தானே விசாரிக்க வாயில்லாமல் இருந்தது.

இப்போது மன்றம் இருக்கிறது. அந்த ஆண்டுகளின் கொரோனாச் செலவைத் தலைப்புவாரியாகக் கூட்டத்தில் வாசித்து, அலுவலகப் பலகையில் ஒட்டுவதே முறை. செய்யாவிட்டால், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய ஒரு தகவல் உரிமை மனு போதும்; முப்பது நாளுக்குள் பதில் சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மேலகரத்துக்காரர் யாராவது ஒருவர் அதை எழுதுங்கள்.