பச்சைக்குள் நீலம்

என் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு கம்பிக் கூண்டு இருக்கிறது. அதில் ஒரு ஜோடிக் கிளிகள். கிளி என்றதும் மீனாட்சியம்மன் கையில் இருக்கும் கிளியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது. கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான். உண்மையில் அந்தப் பெயருக்கு உரிய பறவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இதுவோ ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில், தண்ணீரைத் தேடிக் கூட்டம் கூட்டமாக அலையும் பறவை. பட்ஜெரிகர் என்பது இதன் முறையான பெயர்.

மகள் ஆசைப்பட்டாள் என்று வாங்கினேன். அவள் ஒரு மாதத்தில் மறந்துவிட்டாள், நான் பிடித்துக்கொண்டேன். குழந்தைகளுக்காக வாங்கும் பொருள்களில் பாதி பெரியவர்களின் பொருள்களாக முடிவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே?

இரண்டும் பச்சை. முகம் மஞ்சள், முதுகில் கறுப்பு வரிகள். மூக்கின் மேல் உள்ள தோல் நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். கூண்டின் மூலையில் ஒரு சிறிய மண்பானையைக் கட்டி வைத்தேன். பெண் கிளி உள்ளே போய் ஒருநாள் விட்டு ஒருநாளாக நான்கு முட்டைகள் இட்டது. சுமார் 18 நாள் அடைகாத்த பிறகு ஒவ்வொன்றாகக் குஞ்சுகள் வெளிவந்தன. பிறந்தபோது நாலும் ஒன்று போலத்தான் இருந்தன. உடம்பில் இறகே இல்லாத இளஞ்சிவப்புச் சதைத் துண்டுகள். இரண்டு வாரம் கழித்து இறகுகள் முளைக்கத் தொடங்கியபோதுதான் வேறுபாடு தெரிந்தது. மூன்று குஞ்சுகள் பச்சை. நான்காவது, வானத்தில் ஒரு துண்டைக் கிள்ளி வைத்தது போல நீலம். முகம் வெள்ளை வெளேர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர்; நாலு பேர் சிரிக்க வேண்டும் என்பதற்காக எதையும் சொல்லக் கூடியவர். பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “பெண் பட்சியின் நடத்தை சரியில்லை போலிருக்கிறதே, சார்!” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இருப்பது ஒரே கூண்டு; அதில் ஒரே ஆண். கதவில் ஒரு கம்பி வேறு முறுக்கி வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் சிரிப்பு வந்தது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. பாதியில் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏன் போனாள் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. உறைத்தபோது வெட்கமாக இருந்தது.

என் அப்பா நல்ல சிவப்பு. அம்மாவும் சிவப்புதான். நான் கறுப்பு. பிறந்த வீட்டில் யாரும் இதைப் பொருட்படுத்தவில்லையாம். புகுந்த வீட்டில் பாட்டி பொருட்படுத்தினாள். வருகிறவர்களிடமெல்லாம் என்னைத் தூக்கிக் காட்டி, “இந்த நிறம் நம்ம வம்சத்திலேயே கிடையாதே!” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அம்மா சமையலறைக்குள் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கடலை மாவைக் குழைத்து, தோல் எரியும்படி என்னைத் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். என் மேல் ஏதோ கோபம் என்று அந்த வயதில் நினைத்துக்கொள்வேன். அவள் தேய்த்துப் போக்க நினைத்தது என் அழுக்கை அல்ல என்பது எனக்கு விளங்க இருபது வருஷம் ஆயிற்று.

அன்றிரவே நான் இந்தக் குருவிகளின் நிறத்தைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். படித்ததைக் கதைக்காரனுக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன்.

இந்தப் பறவையின் உடம்பில் பச்சைச் சாயம் என்பதே கிடையாது. நீலச் சாயமும் கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிக்கும் விதத்தால் நீலம் தோன்றுகிறது. நீல இறகை இடித்துப் பொடியாக்கினால் நீலம் காணாமல் போய்விடும். அந்த நீலத்தின் மேல், பறவையே தன் உடம்பில் தயாரித்துக்கொள்ளும் ஒரு மஞ்சள் சாயம் படிகிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. ஆகவே ஒவ்வொரு பச்சைக் கிளிக்குள்ளும் ஒரு நீலக் கிளி ஒளிந்துகொண்டிருக்கிறது. மஞ்சள் உண்டாகாமல் போனால் அது வெளியே வந்துவிடும். மஞ்சளாக இருக்க வேண்டிய முகம் வெள்ளையாகிவிடும். இந்த மஞ்சளைத் தயாரிக்கும் மரபணு எது, அதில் எந்த ஒரு சிறு மாற்றத்தால் வேலை நின்று போகிறது என்பதை அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் கண்டு சொன்னார்கள்.

பறவைக்கு அந்த மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாய் கொடுத்தது, மற்றொன்று தந்தை கொடுத்தது. ஒரு பிரதி கெட்டிருந்தாலும் மற்றது மஞ்சளைத் தயாரித்துவிடும். பறவை முழுப் பச்சையாகவே இருக்கும். வளர்ப்பவர்கள் இத்தகைய பறவையை ‘ஸ்ப்ளிட்’ என்கிறார்கள். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால் மட்டுமே நீலம். பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சு பிறந்தது என்றால், தாய் ஒன்றைக் கொடுத்திருக்கிறாள், தந்தை ஒன்றைக் கொடுத்திருக்கிறான் என்று பொருள். அப்படிப்பட்ட ஜோடிக்குச் சராசரியாக நாலில் ஒரு குஞ்சு நீலமாகும். மிச்சமுள்ள பச்சைக் குஞ்சுகள் மூன்றில் இரண்டு, அந்த நீலத்தை உள்ளே சுமந்துகொண்டு ஒன்றும் அறியாதவை போலப் பறக்கும்.

என் நண்பரின் வேடிக்கைப் பேச்சு இங்கே தலைகீழாகிறது. நீலக் குஞ்சு தாயின் நடத்தைக்குச் சாட்சி அல்ல. தந்தையின் உடம்பிலும் அதே நீலம் இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி.

மனிதர்களின் தோல் நிறம் இவ்வளவு எளிய கணக்கு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் பல மரபணுக்கள் கலந்து வேலை செய்கின்றன. ஒரே தாய் தகப்பனுக்குச் சிவப்பும் மாநிறமும் கறுப்புமாகப் பிள்ளைகள் பிறப்பது அதனால்தான். ஆனால் ஒன்று மட்டும் பறவைக்கும் நமக்கும் பொது: பிள்ளைக்குப் போகும் கூறுகளில் பாதி தாயுடையது, பாதி தந்தையுடையது. நம்முடைய பழிச்சொற்களுக்கு மட்டும் இந்தப் பாதிக் கணக்கு தெரியாது. அவை முழுவதும் ஒரு பக்கமே போகின்றன. “மூன்றாவதும் பெண்ணா?” என்று மருமகளைக் கேட்கிறோம். பிறப்பது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்யும் கூறு, பறவைகளில் தாயிடமிருந்து வருகிறது. மனிதரில் தந்தையிடமிருந்து வருகிறது. மாமியார்கள் பறவைகளாக இருந்திருந்தால் அந்தக் கேள்வியிலாவது கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும்.

மறுநாள் இரவு, சாப்பாடு முடிந்த பிறகு, இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கூண்டைத் துணியால் மூடிக்கொண்டே கேட்டாள்.

“அப்போ அந்த நீலம் அப்பன்கிட்டேயும் இருந்ததா?”

“இருந்தால்தான் வரும் அம்மா. ஒருத்தரிடம் மட்டும் இருந்தால் குஞ்சு பச்சையாகவே இருக்கும்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: “உங்கப்பாவும் இதைத்தானேடா பள்ளிக்கூடத்திலே சொல்லிக்கொடுத்தார்?”

எனக்குப் பதில் வரவில்லை. அப்பா உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். மெண்டல் பாதிரியாரின் பட்டாணிச் செடிகளை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்தவர். நெட்டைச் செடி இரண்டுக்குக் குட்டைச் செடி ஏன் பிறக்கிறது என்பதை நூற்றுக்கணக்கான பையன்களுக்கு விளக்கியவர். வீட்டில், தன் தாயார் விருந்தாளிகள் முன்னால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம், பத்திரிகையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்வார். அவர் ஒருநாளும் அம்மாவைச் சந்தேகித்தவர் அல்ல. சந்தேகிக்கவில்லை என்று ஒருநாளும் சொன்னவரும் அல்ல.

இந்தக் கட்டுரையின் கேள்வியே இதுதான். அறியாமையால்தான் பழி பிறக்கிறது, அறிவு வந்தால் பழி போய்விடும் என்று நாம் நம்புகிறோம். அப்படியானால் அறிவு இருந்த வீட்டில் பழி ஏன் இருபது வருஷம் குடியிருந்தது?

இந்தப் பறவையின் வரலாற்றிலேயே இதைவிடக் கொடிய உதாரணம் ஒன்று இருக்கிறது. ஜான் கூல்ட் என்ற ஆங்கிலேயர் 1840-இல் இந்தக் குருவிகளை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பெல்ஜியத்தில் மஞ்சள் குருவியும் நீலக் குருவியும் தோன்றின. நிறங்கள் பெருகின, விலையும் ஏறியது. எந்த ஜோடிக்கு எந்த நிறம் பிறக்கும் என்பதற்கு 1920-களில் தெளிவான கணக்கு வகுத்தவர்களில் முக்கியமானவர், ஜெர்மனியில் பிரெமன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் டுங்க்கர். இவரும் ஆசிரியர்தான் என்பதைக் கவனியுங்கள். பச்சைக்குள் நீலம் மறைந்திருக்கும் என்பதை இவரைவிடத் துல்லியமாக அறிந்தவர்கள் அன்று அதிகம் பேர் இல்லை. அறிந்து என்ன செய்தார்? மனிதரையும் கூண்டுப் பறவைகளைப் போலத் தரம் பிரித்துப் பெருக்க வேண்டும் என்ற இனத் தூய்மைக் கொள்கையை ஆதரித்துப் பேசினார், எழுதினார். பின்னால் நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். பரம்பரைக் குறை உள்ளவர்கள் என்று முத்திரை குத்தி மனிதர்களைக் கட்டாயமாக மலடாக்கும் சட்டத்தை அந்த நாட்டு அரசாங்கம் 1933-இல் கொண்டு வந்தது. சுமார் 4 லட்சம் பேர் அதற்கு இரையானார்கள்.

ஒருவர் அறிந்தும் வாய் திறக்கவில்லை. மற்றவர் அறிந்ததைக் கொண்டே பிறரைத் தள்ளி வைக்கத் துணிந்தார். இரண்டையும் ஒரே தராசில் வைக்கமாட்டேன். அது அப்பாவுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அறிவு தானாக யார் பக்கமும் பேசுவதில்லை என்பதை இரண்டும் காட்டுகின்றன. நாம்தான் அதைப் பேச வைக்க வேண்டும்.

“அப்படியானால் பரம்பரையைப் பற்றித் தெரிந்துகொள்வதே ஆபத்தா?” என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. தலசீமியா என்ற ரத்த நோய் இருக்கிறது. நீலக் குஞ்சின் கணக்குத்தான் அதற்கும். அந்தக் கூறில் ஒற்றைப் பிரதியைச் சுமக்கும் இருவருக்குப் பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சுமப்பவர்களைப் பார்த்தால் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். கணவனும் மனைவியும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால், பிறக்கப் போகும் குழந்தைக்கு ஆகவேண்டியதைத் தாங்களே யோசித்து முடிவு செய்யலாம். தெரியாமல் இருந்தால், நோய் கண்ட அன்று முதல் கேள்வி என்ன தெரியுமா? “உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்ததா?” என்று மருமகளைக் கேட்பதுதான். இரண்டு வீட்டிலும் இருந்தது என்பதே விடை. தன் வாழ்க்கையைப் பற்றித் தானே முடிவு செய்ய உதவும் அறிவு ஒன்று. அடுத்தவனை எடைபோட உதவும் அறிவு ஒன்று. இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் அச்சாகியிருக்கின்றன. எதற்காகத் திறக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

என்னையும் நான் தப்பவிடக் கூடாது. நீலக் குஞ்சைக் கண்ட மயக்கத்தில், மூன்று பச்சைக் குஞ்சுகளையும் கொடுத்துவிட்டு ஒரு நீலப் பெண் கிளியை வாங்கிக்கொள்வதாகக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். அதாவது, பாட்டி என்னைப் பார்த்த அதே கண்ணால் நான் அந்தக் குஞ்சுகளைப் பார்த்திருக்கிறேன். நிறம்தான் வேறு. அந்த ஏற்பாட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீலத்தின் மேல் இருந்த ஆசை போய்விட்டது என்று சொன்னால் பொய். கூண்டருகே போனால் கண் முதலில் அதைத்தான் தேடுகிறது. கண்ணை மாற்றுவது கடினம், கையைக் கட்டுப்படுத்தலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் மறுபடியும் வந்தார். குஞ்சுகள் பானையை விட்டு வெளியே வந்து தினையைக் கொறித்துக்கொண்டிருந்தன. அவர் பழைய வேடிக்கையை எடுத்தார். நான் இந்தத் தடவை சிரிக்கவில்லை. நீலம் எப்படி வருகிறது என்பதை விளக்கினேன். அது தந்தையிடமும் இருந்தால்தான் வரும் என்பதைச் சற்று உரக்கவே சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. “என்ன சார், ஒரு குருவிக்காக இவ்வளவு கோபமா?” என்றார்.

“குருவிக்காக இல்லை” என்றேன்.

தாழ்வாரத்தில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஆனால் அன்று அவள் எழுந்து உள்ளே போகவில்லை. நாற்பது வருஷம் தாமதமாக அந்த வீட்டில் ஒருவர் வாய் திறந்தார். அது அப்பாவாக இருந்திருக்கலாம்.