இரவல் கேட்க முடியாத வாகனம்

எம்மிடம் படித்துவிட்டுக் கொழும்பில் தொழில் பார்க்கும் இளைஞர்களிடம் சில வருடங்களாக ஒரு போக்கைக் காண முடிகிறது. நல்ல சம்பளம் எடுக்கிறார்கள். முப்பது வயதைத் தொடுகிறார்கள். ஆனால் வாகனம் வாங்கும் பேச்சே அவர்களிடம் இல்லை. கைத்தொலைபேசியில் இரண்டு தட்டுத் தட்டினால் வாசலில் ஆட்டோவோ காரோ வந்து நிற்கிறது. ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், கதவைச் சாத்துகிறார்கள். அத்தோடு அந்த வாகனத்துக்கும் அவர்களுக்கும் இடையிலான உறவு முடிந்துவிடுகிறது.

ஊரிலுள்ள பெரியவர்களுக்கு இது பிடிபடவில்லை. உத்தியோகம் கிடைத்தால் மோட்டார் சைக்கிள், பிள்ளைகள் பிறந்தால் வேனோ காரோ என்ற ஒழுங்கில் வாழ்ந்தவர்கள் அவர்கள். வாகனம் இல்லாத மாப்பிள்ளையை அரை மாப்பிள்ளையாகப் பார்ப்போரும் உண்டு. (சீதனப் பேச்சில் வீட்டோடு வாகனத்தையும் சேர்த்துக் கேட்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. தனக்குக் காரே வேண்டாம் என்று ஒரு பொடியன் சொன்னால், பெண்ணைப் பெற்றவருக்கு அந்த அளவிலாவது ஆறுதல்தான்.) "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்ல" என்று அவர்கள் சொல்கிறார்கள். அவசரத்தில் சொல்லப்படும் வார்த்தைதான் எனினும், பொறுப்பு என்ற அந்தச் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், இது உண்மையில் ஒரு தெரிவுதானா என்பதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் 1983 இல் 16 வயதினருள் ஏறத்தாழ 46 சதவீதமானோரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது. 2014 இல் அது 24 சதவீத அளவுக்கு இறங்கியது. கார் மலிவாகக் கிடைக்கும் நாட்டில், வாடகைச் செயலிகள் பரவுவதற்கு முன்பே தொடங்கிய மாற்றம் அது. எமது நாட்டுக் கதை வேறு. பிக்மியும் ஊபரும் 2015 இல் கொழும்புக்கு வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பின்னரும் வரிகளோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு சிறு காரும் ஆசிரியத் தொழில் செய்பவன் எட்டிப் பார்க்கும் விலையில் இல்லை. எனவே, 'வேண்டாம்' என்று சொல்பவர்களுள் ஒரு பகுதியினர் எட்டாத பழத்தைப் புளிக்கும் என்று சொன்ன நரியின் வரிசையில்தான் நிற்கிறார்கள். கையில் இல்லாததைத் துறந்ததாகச் சொல்வதில் ஒழுக்கப் பெருமை ஏதுமில்லை.

ஆனால் எல்லோரும் அப்படியல்லர். என்னிடம் படித்த ஒருவர் இன்று கணக்காளர். வங்கிக் கடன் அவரைத் தேடி வருகிறது. அவர் சொன்னார்: "சேர், கார் எண்டா லீசிங், இன்சூரன்ஸ், டயர், நிப்பாட்ட இடம். நான் ஓடுறது ஒரு நாளைக்கு ஒண்டர மணித்தியாலம். மத்த நேரமெல்லாம் அது வெயிலுக்க நிண்டு காயும்." இந்தக் கணக்கில் பிழை பிடிக்க முடியாது. மதரஸாவில் ஓதியவர்கள் இதனை இஜாரா என்ற பாடத்தில் படித்திருப்பார்கள். பொருளை விற்காமல் அதன் பயனை மட்டும் விற்பதும் வாங்குவதும் ஆகுமானதே. தேவைக்கு மேல் ஒன்றைச் சேர்த்து வைத்துப் பவுசு காட்டுவதை விட இது மேலானது என்றுகூடச் சொல்லலாம்.

அப்படியானால் பெரியவர்கள் இழந்தது எதனை? இஜாராவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது: ஆரியத், அதாவது இரவல். தொண்ணூறுகளில் எங்களூரில் ஒரு வியாபாரியிடம் ஹைஏஸ் வேன் ஒன்று இருந்தது. பெயருக்குத்தான் அவருடையது. நடுச்சாமத்தில் பிரசவ வலி என்றால் அவருடைய கதவைத்தான் தட்டினார்கள். யுத்த காலம், இரவில் வண்டி எடுத்தால் எத்தனை சோதனைச் சாவடிகள்! முணுமுணுத்துக்கொண்டே சாரத்தைக் கட்டிக்கொண்டு வருவார். வெளியூரிலிருந்து மையித்துக் கொண்டுவருவதும் அதில்தான், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகள் போவதும் அதில்தான். மறுத்தால் ஊர் ஏசும். எழுதாத, கையொப்பமிடாத ஒரு கடமை அந்த வேனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அற்பப் புழங்குபொருளையும் கொடுக்காமல் தடுத்துக்கொள்வோரைக் கண்டிக்கும் அத்தியாயத்துக்கு அல்மாஊன் என்றே பெயர். சட்டி, கோடரி, வாளி என்று விரிவுரையாளர்கள் அதற்கு உதாரணம் காட்டினார்கள். அந்தப் பட்டியலில் எங்களூர்க்காரர்கள் வேனையும் சேர்த்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது.

வாகனம் வைத்திருப்பவனிடம் கேட்கலாம். செயலி வைத்திருப்பவனிடம் எதைக் கேட்பது?

இதைச் சொன்னபோது கணக்காளர் சிரித்தார். "ஊருல ஆருக்கு ஏலாட்டியும் சொல்லுங்க சேர், இங்கருந்தே காசு போட்டுவிடுறன், ஆட்டோ புடிச்சுப் போகட்டும்" என்றார். அவர் அப்படிச் செய்பவர்தான், எனக்குத் தெரியும். பணம் கொடுப்பதும் கொடைதான். ஆயினும் வேன்காரர் கொடுத்தது பெற்றோலை மட்டுமல்ல. தன் தூக்கத்தையும் கொடுத்தார். ஆஸ்பத்திரி வாங்கில் விடியும்வரை குந்தியிருந்தார்.

அந்தக் காலத்தைப் பொன்னாக்கிப் பேசுவதும் நியாயமில்லை. இரவல் கேட்பதற்கு ஓர் ஏழைப் பெண் இன்னொருவர் வாசலில் எவ்வளவு நேரம் நின்றாள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த உபகாரம் தேர்தல் காலத்தில் நினைவூட்டப்பட்டதும் உண்டு. இன்று 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் பரவிய சேவை அது. யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கூலி கொடுத்துப் பின் ஆசனத்தில் அமர்பவளுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. கேட்காமல் கிடைப்பது, கேட்டுக் கிடைப்பதை விட மேலானது என்பதை நான் மறுக்கவில்லை.

என் மனதில் உறுத்துவது வேறொன்று. கணக்காளர் கழற்றி வைத்த உடைமையின் பாரம் எங்கே போயிற்று? லீசிங், இன்சூரன்ஸ், டயர் என்று அவர் அடுக்கினாரே, அவை காற்றில் கரைந்துவிடவில்லை. அவர் ஏறும் வாகனத்தின் சாரதி அவற்றைச் சுமக்கிறான். இந்நாட்டில் பதிவு செய்யப்பட்ட முச்சக்கர வண்டிகள் 11 இலட்சத்துக்கும் மேல். அவற்றுள் பல லீசிங்கில் ஓடுபவை. 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானபோது நாட்கணக்கில் வரிசையில் கிடந்தவன் அந்தச் சாரதி. பின்னர் கியூஆர் முறை வந்தபோது அவனுக்கு வாரத்துக்குக் கிடைத்தது 5 லீற்றர். பயணிக்கு அந்த நாட்களில் செயலி 'வாகனம் இல்லை' என்று காட்டியது, அவ்வளவுதான். பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் ஊபர் சாரதிகளைச் சுயதொழில் செய்பவர்களாகக் கருத முடியாது, குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் அவர்களுக்கு உரியவை என்று தீர்ப்பளித்தது. இங்கே அந்தப் பேச்சு பெரிதாக எழவில்லை.

இவ்விடத்தில்தான் பொறுப்பு என்ற சொல் வேறு முகம் காட்டுகிறது. வாகனம் வாங்காமலிருப்பது குற்றமில்லை. ஆனால் தான் சுமக்காததைத் தனக்காகச் சுமப்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதை மறந்து, 'எனக்குப் பாரமில்லை' என்று ஆறுதல்படுவது சரியான கணக்காகாது. இஜாராவில் கூலியை வியர்வை உலருமுன் கொடுத்துவிட வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வோம். போதுமான கூலியா என்று கேட்பவர்கள் குறைவு. செயலி காட்டும் தொகையைக் கொடுத்தால் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறோம். அந்தத் தொகையில் பேரம் பேசும் வாய்ப்பு சாரதிக்கும் இல்லை, பயணிக்கும் இல்லை. எனவே கேள்வியே எழுவதில்லை. மழை இரவில் வெள்ளவத்தையிலிருந்து தெமட்டகொடைக்கு வந்தவனுக்கு ஐம்பது ரூபா கூடக் கொடுப்பது தர்மமா, கூலியின் மிச்சமா என்று யோசித்துப் பார்க்கலாம். என் கருத்தில் அது கூலியின் மிச்சம்.

அந்தக் கணக்காளரோடு ஒரே வகுப்பில் இருந்த இன்னொருவனும் என் மாணவனே. உயர்தரத்தில் கணிதம் அவனுக்குக் கைகொடுக்கவில்லை. இப்போது கொழும்பில் ஆட்டோ ஓட்டுகிறான், லீசிங்கில். பெருநாளைக்கு முந்திய இரவு நண்பர் ஏசி பஸ்ஸில் வந்து இறங்குகிறார். இவன் ஆட்டோவிலேயே நீண்ட பாதையை ஓடி வந்து சேர்கிறான். மறுநாள் காலையிலிருந்து அந்த ஆட்டோவுக்கு ஓய்வில்லை. பெரியம்மாவைப் பள்ளிவாசலடிக்குக் கொண்டுபோக, மாமியைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, சாச்சாவின் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கொண்டுபோக. யாரிடமும் அவன் கூலி கேட்பதில்லை. மாமியிடம் எப்படிக் கேட்பது? கணக்காளரின் உம்மாவும் சென்ற பெருநாளில் அதில்தான் போய் வந்தார். ஊருக்குள் இப்போது இரவல் கேட்கக்கூடியதாக இருப்பது அந்த ஒரு வாகனம்தான். பெருநாளின் அந்த மூன்று நாட்களுக்காக அதன் தவணைப் பணம் குறைவதில்லை.