எந்தக் கடையில் எந்தப் பிரதி?

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் வரி விகிதங்களை மாற்றியது. பெரும்பாலான பொருள்களுக்கு 12 சதவீத அடுக்கும் 28 சதவீத அடுக்கும் நீக்கப்பட்டன. சோப்பும் பற்பசையும் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. செப்டம்பர் 22 முதல் அமல். இடையில் மூன்று வாரம்கூட இல்லை.

நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, அந்த நாள்களில் உங்கள் முன் நின்ற கேள்வி ஒன்றுதான். குலசேகரத்து மளிகைக்கடையில் இப்போது ஓடுவது உங்கள் மென்பொருளின் எந்தப் பிரதி? குளச்சல் மருந்துக்கடையில் எது? அதில் கடைசியாகக் கைவைத்தவர் யார், எதற்காக? இதற்கு உடனே பதில் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைவு.

ஏன் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு கடைக்காரர் ரசீதில் கூடுதலாக ஒரு கட்டம் கேட்பார். அங்கேயே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்துவிட்டு வருவீர்கள். பென்டிரைவில் போன கோப்பு அலுவலகத்துக்குத் திரும்பாது. அலுவலகக் கணினியில் ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘ஃபைனல் 3’ என்று ஜிப் கோப்புகள் வரிசையாகக் கிடக்கும். முதலில் எழுதிய பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருப்பான். அடுத்த வரி மாற்றம் வரும்போது ஒரு கடை விடுபடும். அங்கே சோப்பு வாங்க வந்தவரிடம் நூறு ரூபாய்க்கு 13 ரூபாய் அதிகமாக வாங்கப்படும். திருட்டுப் பட்டம் கடைக்காரர் தலையில் விழும். வரி அலுவலகத்தில் போய் நிற்பவரும் அவர்தான். உங்களை நம்பிய ஒருவரை நீங்கள் இந்த நிலையில் நிறுத்தலாகாது.

ஒரே ஒரு இடம் விடுபட்டதில் பெரிய நிறுவனமே சாய்ந்திருக்கிறது. நைட் கேப்பிடல் அமெரிக்கப் பங்குச்சந்தையில் பெரும்புள்ளி. 2012 ஆகஸ்ட் 1 காலை நியூயார்க் சந்தையில் ஒரு புதிய திட்டம் தொடங்க இருந்தது. அதற்கான நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள், எட்டாவது விட்டுப்போயிற்று. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறை அங்கே இல்லை. அந்த எட்டாவது சர்வரில் ‘பவர் பெக்’ என்ற பழைய நிரல்பகுதி கிடந்தது. 2003-லேயே பயன்பாடு நின்றுபோனது, ஆனால் அழிக்கப்படாதது. புதிய நிரலை இயக்கத் தேர்ந்தெடுத்த குறியோ, முன்பு அந்தப் பழையதை இயக்கிய அதே குறி. சந்தை திறந்தது. 212 ஆர்டர்களை நிறைவேற்றப் புகுந்த சர்வர், லட்சக்கணக்கான ஆர்டர்களைச் சந்தைக்குள் கொட்டியது. சுமார் 45 நிமிடத்தில் 154 பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள், 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு. சந்தை திறக்கும் முன்பே பவர் பெக் பெயரைச் சொல்லி 97 மின்னஞ்சல்கள் உள்ளே வந்து கிடந்தன. அவற்றை எச்சரிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் என்னை மிகவும் உலுக்குவது அடுத்து நடந்ததுதான். கோளாறு புதிய நிரலில்தான் இருக்கும் என்று எண்ணி, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். எட்டிலும் பழையது விழித்துக்கொண்டது. எங்கே எது ஓடுகிறது என்று தெரியாதவர் பின்வாங்கும்போதும் பள்ளத்துக்குள்தான் இறங்குகிறார்.

‘நிரலை நான் தொடவில்லை, செட்டிங்ஸ் கோப்பை மட்டும்தான் மாற்றினேன்’ என்று சொல்கிறவர்கள் 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கணினிப் பாதுகாப்பு மென்பொருள் தரும் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் நம் நேரப்படி காலை 9.39-க்கு அனுப்பியது ஒரு அமைப்புக் கோப்பைத்தான். 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்திருந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். செட்டிங்ஸ் கோப்பும், டேட்டாபேஸ் ஸ்கிரிப்டும், ரசீது வடிவமும் நிரலுக்குச் சமமான பொறுப்பைக் கேட்பவை.

‘இதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம், நமக்கு வேகம்தான் முக்கியம்’ என்று சொல்லாதீர்கள். நம்மூர் ஆள் ஒருவரைக் காட்டுகிறேன். நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, இஸ்ரோ தலைவரான கே. சிவன். ராக்கெட்டின் பாதையைக் கணக்கிடும் ‘சித்தாரா’ மென்பொருளின் தலைமைச் சிற்பி அவர். ஏவும் நாளன்று மேலே வீசும் காற்றை அளந்து, அதற்கேற்ப ராக்கெட்டை வழிநடத்தும் தரவை அன்றே திருத்தும் உத்திக்கும் அவரே காரணகர்த்தா. யோசித்துப் பாருங்கள். ஏவுவதற்குச் சில மணி நேரம் முன்பு ராக்கெட்டின் கணினிக்குள் போகிற தரவை மாற்றுகிறார்கள். அங்கே இருப்பது எது, புதிதாகப் போவது எது, யார் சரிபார்த்தது என்பதெல்லாம் ஐயமில்லாமல் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அந்தத் துணிச்சல் வரும். ஒழுங்கு வேகத்தைக் கெடுக்காது. கடைசி நேரத்திலும் மாற்றலாம் என்ற தைரியத்தை அதுதான் தருகிறது. மாறாக, ஏரியான் 4 ராக்கெட்டுக்கு எழுதிய நிரலை ஏரியான் 5-க்கு அப்படியே தூக்கிப்போட்ட ஐரோப்பியர்கள் 1996 ஜூன் 4 அன்று தங்கள் ராக்கெட்டை 40 விநாடிக்குள் இழந்தார்கள்.

பதிவு வைக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பம் தலைமுறைகளாகக் காத்த ஓலைகளைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தேடிப் படியெடுத்தார், ஆய்வாளர் அ. கா. பெருமாள் அவற்றை நூலாக்கினார். நம் பழைய ஓலை ஆவணங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும், மாதமும் தேதியும் இருக்கும், கொடுத்தவர், வாங்கியவர், சாட்சிகள், எழுதியவர் எல்லோர் பெயரும் இருக்கும். அதனால்தான் நூற்றாண்டுகள் கழித்தும் அக்கால நாஞ்சில் நாட்டின் நிலத்தையும் வரியையும் அடிமை விற்பனை என்ற கொடுமையையும்கூட நம்மால் படித்தறிய முடிகிறது. நீங்களோ மாற்றத்தைப் பதிந்து கமிட் செய்யும்போது ‘சேஞ்சஸ்’ என்று ஒரு சொல் எழுதிவிட்டு எழுந்து போகிறீர்கள். எது மாறியது என்பதைப் பிரதிகளின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருள் தானே காட்டிவிடும். ஏன் மாறியது என்பதை நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. ஒரு வரி எழுதுங்கள். எந்தக் கடைக்காக, யார் கேட்டு என்று.

எல்லாக் கோப்புகளும் ஒரே களஞ்சியத்துக்குள் வரட்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் தொடங்கிய கிட் இலவசமாகவே கிடைக்கிறது; காசில்லை என்ற சாக்குக்கு இடமில்லை. கடைக்குப் போகும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு எண் கொடுத்து டேக் போடுங்கள். அந்த எண் பில் திரையின் அடியில் தெரியட்டும். போனில் கடைக்காரரே படித்துச் சொல்லலாம். எந்தக் கடைக்கு எந்த எண், எந்தத் தேதியில் போனது என்று ஒரு பதிவேடு வையுங்கள். வாடிக்கையாளர் இடத்தில் உட்கார்ந்து நிரலைத் திருத்தாதீர்கள். தவிர்க்கவே முடியாமல் திருத்தினால், அன்று இரவுக்குள் அது களஞ்சியத்துக்கு வந்தாக வேண்டும். இன்னொருவர் கண் படாமல் எதுவும் வெளியே போகக் கூடாது, எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

வரி விகிதத்தை நிரலுக்குள் எழுதாதீர்கள். அமல் தேதியோடு அட்டவணையில் வையுங்கள். செப்டம்பர் 21-இல் விற்ற பொருள் 25-ஆம் தேதி திரும்பி வந்தால், பழைய விகிதத்தில்தான் கணக்குத் தீர வேண்டும். நிரலைப் பழைய பிரதிக்குத் திருப்புவது எளிது. அதற்குள் தப்பாகப் பதிவான நூறு பில்களை அந்தத் திருப்பல் சரிசெய்யாது. ஆகவே ஏற்றுவதற்கு முன் டேட்டாபேஸ் பேக்கப் எடுங்கள். எடுத்ததை வேறொரு கணினியில் மீட்டும் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பி ஒரு கடையின் ஒரு வருடக் கணக்கைப் பணயம் வைக்காதீர்கள், மக்களே.

பாஸ்வேர்டைக் களஞ்சியத்தில் போட்டவர்கள் இருப்பீர்கள். அடுத்த கமிட்டில் அழித்துவிட்டேன் என்று நிம்மதியாக இராதீர்கள். வரலாற்றில் அது அப்படியே இருக்கிறது. பாஸ்வேர்டையே மாற்றுங்கள், இன்றே.

நிறுவனம் நடத்தும் அண்ணாச்சிமாருக்கும் ஒரு வேண்டுகோள். ‘கஸ்டமர் நிற்கிறார், சீக்கிரம் ஏற்று’ என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம்தான் பல நேரம் சரிபார்ப்பைக் கொல்கிறது. அந்த அரைமணி நேரத்தைக் கொடுங்கள். தப்பு செய்துவிட்டேன் என்று தானே வந்து சொல்கிற பையனை எல்லோர் முன்னாலும் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தப்பு மறைக்கப்படும், மறைத்தது ஒருநாள் கடைக்காரர் கணக்கில் வெடிக்கும்.

நம் குமரி மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களே, இறுதியாண்டு புராஜெக்ட்டை பைண்ட் செய்த புத்தகமாக மட்டும் வாங்கி வைக்காதீர்கள். முதல் நாள் தொடங்கிய கமிட் வரலாற்றையும் கேளுங்கள். வைவா நாளுக்கு முந்தின இரவு மொத்தமாக வந்து விழுந்த ஒற்றைக் கமிட்டை ஏற்காதீர்கள். மாணவனை உட்காரவைத்து, ஒரு மாதம் முன்பு இருந்த பிரதியை உங்கள் கண்முன் மீட்டு ஓட்டச் சொல்லுங்கள். ஓடினால் மதிப்பெண் போடுங்கள்.