ஏறுதழுவலும் உயிர்நோவும்

சல்லிக்கட்டெனும் ஏறுதழுவலை இந்திய உச்ச நீதிமன்றம் 2014 மே 7 இல் தடுத்தது. உயிர்வாழ்தலைக் காக்கும் அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்பை விலங்கினிடத்தும் விரித்துரைத்தது. 2017 இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் விலங்குவதைத் தடைச்சட்டத்தைத் திருத்த, அத்திருத்தஞ் செல்லுமென 2023 மே 18 இல் நீதிபதியர் ஐவர் தீர்த்தனர். விலங்குகட்கு அடிப்படை உரிமை வழங்கிய முன்தீர்ப்பு யாதுமின்றென்றும், இவ்விளையாட்டுப் பண்பாடோவெனத் துணிதல் சட்டமன்றத்தின் பாலதென்றும் அவர் கூறினர்.

ஆசிரியர்காள், உரிமை இன்றெனவே நோவும் இன்றாயிற்றோ? கலித்தொகை பாடிற்றேயென்பர். பழமை, ஒன்று நிகழ்ந்தமைக்குச் சான்றாமன்றி, அது தக்கதென்பதற்குச் சான்றாமாறெங்ஙனம்? விடைக்கொடியோனை வழிபடும் நாம், மாணாக்கர் வினவுமுன் இதனை நாமே வினவுதல் வேண்டும்.

எதிர்வாதத்தை இகழ்தலுங் கூடாது. விளையாட்டு ஒழியின் புலிக்குளம் முதலிய நாட்டினக் காளைகளை வளர்ப்பாரிலராய், அவை கொலைக்களம் புகுமென்கின்றனர். இது வலிய வாதமே. ஆயினும் இனம் நோவதில்லை. நோவது வாடிவாசலில் நிற்கும் அவ்வொரு காளை. 2017 ஆம் ஆண்டு விதிகள், திமிலன்றி வாலையுங் கொம்பையும் பற்றலாகாதென விலக்கின. நன்றே. எனினும், ஆரவாரங் கேட்டுக் காளை வெருண்டோடுதலே இவ்விளையாட்டிற்கு முதல். அவ்வெருட்சியை எவ்விதி விலக்கும்?